'குச் நஹீ ஹோத்தா' கும்பலுக்கு ஒரு கும்பிடு

டெல்லிக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலம். வீட்டு இரும்புக் கதவைத் தொட்டால் சுருக். குழாயைத் தொட்டால் சுருக். பொண்ணு கன்னத்தைத் தட்டினால் அவளுக்கும் எனக்கும் சேர்த்து சுருக். "வீடு முழுக்க கரண்ட் லீக் ஆகுது, ஆளைக் கூப்பிடுங்க"ன்னு தங்கமணி ஒரே பிடிவாதம். வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டரைக்கூட வெளியே எடுக்கலை. என் ஸ்வெட்டரைக் காட்டிச் சிரிச்சார், 100 ரூபாய் வாங்கிக்கிட்டுப் போயிட்டார்.

நம்ம ஊர் வேர்வையில வளர்ந்தவங்களுக்கு இந்த ஸ்டாடிக் சமாச்சாரம் புதுசு. வெளியே பனி மூட்டமா இருக்கே, காத்து எப்படி வறண்டிருக்கும்னு நானும் கேட்டிருக்கேன். 8 டிகிரி குளிர்ல இருக்கிற ஈரக்காத்தை ரூமுக்குள்ள ஹீட்டர் போட்டு 22 டிகிரிக்கு ஏத்தினா, 100 சதவீத ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு வந்துடும். ஹீட்டர் பக்கத்துல, கார்ப்பெட் மேல, கம்பளி போட்டுக்கிட்டு நடக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு குட்டி மின்சார வாரியம்.

இது வரைக்கும் தமாஷ். இனிமே வயித்தெரிச்சல்.

2024 ஜனவரியில பொண்ணோட லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேம் ஒண்ணு கூடுதலா போடலாம்னு ஒரு கடைக்குப் போனேன். தரையில நைலான் கார்ப்பெட். மூலையில ஹீட்டர். பையன் ஜாக்கெட்டைத் தேய்ச்சுக்கிட்டு வந்தான், டிராயரைத் திறந்தான், மாரி பிஸ்கட் எடுக்கிற மாதிரி ரேமை வெறுங்கையால எடுத்தான். விரல் சரியா அந்தத் தங்க நிறப் பின்கள் மேலேயே. "தம்பி, கையில பட்டை ஏதாவது கட்டிக்க வேண்டாமா"ன்னு எனக்குத் தெரிஞ்ச பேங்க் ஹிந்தியில கேட்டேன். பதில்: "குச் நஹீ ஹோத்தா சார். பதினஞ்சு வருஷமா பண்றோம்."

மூணே வாரம். ப்ராஜெக்ட் எழுதிக்கிட்டிருக்கும்போது நீலத்திரை. நாளைக்கு ரெண்டு தடவை. பொண்ணு அழுதுக்கிட்டே ராத்திரி ரெண்டு மணிக்கு அதே பக்கத்தைத் திரும்ப அடிக்குது. மெம்டெஸ்ட் ஓட விட்டுப் பார்த்தா புது ரேம்ல வரிசையா பிழை. கடைக்காரர் என்ன சொன்னார்? "கஸ்டமர் ஹேண்ட்லிங், வாரண்டி கிடையாது." நான் அதைத் தொட்டதே இல்லைய்யா! தொட்டது உன் ஆளு!

ரேம் செத்தது ஸ்டாடிக்காலதான்னு என்னால நிரூபிக்க முடியுமா? முடியாது. தொழிற்சாலையிலேயே நொண்டியா பிறந்திருக்கலாம். யாராலயும் நிரூபிக்க முடியாதுங்கிற அந்தத் தைரியத்துலதான் 'குச் நஹீ ஹோத்தா' கும்பலே ஓடுது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், பி.காம் புத்தி விடாது. ஸ்டாடிக் நமக்கு 'சுருக்'னு தெரியணும்னா சுமாரா 3,000 வோல்ட்டாவது வேணும். ஆனா அன்சி/ஈ.எஸ்.டி. எஸ்20.20ங்கிற தரநிர்ணயம் 100 வோல்ட்டிலேயே அடிபடக்கூடிய பாகங்களை மனசுல வெச்சு எழுதினது. நடுவுல இருக்கிற 2,900 வோல்ட்டும் நம்ம விரலுக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும். வறண்ட காத்துல கார்ப்பெட்ல நடந்தா 35,000 வோல்ட் வரைக்கும், ஈரக்காத்துல 1,500 வோல்ட் வரைக்கும் ஏறும்னு இந்தத் துறையில காலகாலமா காட்டுற ஒரு அட்டவணை உண்டு. "சென்னையில நான் நூறு கம்ப்யூட்டர் கழட்டி மாட்டியிருக்கேன், ஒரு ஷாக் அடிச்சதில்லை"ன்னு மார் தட்டுற நம்ம காலனி அண்ணாச்சிகளே, அந்த 1,500ஐக் கவனிங்க. உங்களுக்கு அடிக்கலை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், அடிபட்ட சிப் அப்பவே சாகணும்னு இல்லை. காயத்தோட ஓடும். மூணு வாரமோ மூணு மாசமோ கழிச்சுப் படுக்கும். எங்க தொழில்ல இதை நல்லாவே பார்த்திருக்கோம். கண்ணை மூடிக்கிட்டு லோன் சாங்ஷன் பண்ணின மேனேஜர் மூணு வருஷத்துல டிரான்ஸ்பர்ல போயிடுவார். அவர் இருந்த வரைக்கும் கணக்கு ஸ்டாண்டர்ட். அப்புறம் 90 நாள் தவணை வராம அது என்.பி.ஏ. ஆகும்போது பதில் எழுதுறது அடுத்து வந்த அப்பாவி. "என் காலத்துல ஒரு லோன்கூட கெடலை"ன்னு ரிட்டையர்மெண்ட் பார்ட்டியில பேசுவார் பாருங்க, அதுதான் அந்தப் பதினஞ்சு வருஷ சர்வீஸ் கதையும். மாட்டிக்கொடுத்த ரேம் ஆறு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு இவங்க யாரையாவது கேட்டாங்களா?

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். இப்ப வர்ற சிப்புகள்ல பாதுகாப்பு சர்க்யூட் உள்ளேயே இருக்கு. பெரும்பாலான தடவை ஒண்ணும் ஆகாது. ஹெல்மெட் இல்லாம போறவனும் பெரும்பாலான தடவை வீட்டுக்கு வந்துடறான்.

அடுத்தது, இணையத்துல அறிவுரை சொல்ற மேதாவிகள். "பிளக்கை சாக்கெட்டிலேயே விடுங்க, சுவிட்சை மட்டும் அணைங்க, கேபினெட் எர்த் ஆகியிருக்கும், தொட்டுக்கோங்க." எந்த ஊர்ல சாமி? வாடகை வீடுகள்ல மூணாவது ஓட்டை பல இடத்துல அழகுக்குத்தான், பின்னாடி ஒயரே இருக்காது. அப்படிப்பட்ட வீட்டுல கம்ப்யூட்டர் ஓடும்போது, எஸ்.எம்.பி.எஸ்.ல இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கேபினெட்ல கிட்டத்தட்ட பாதி மெயின்ஸ், அதாவது 115 வோல்ட் நிக்கும். டெஸ்டர் மினுக்குனு எரியும், கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அது ஸ்டாடிக் இல்லை, எர்த் இல்லாத கோளாறு. முதல்ல வீட்டு ஓனரைப் பிடிங்க. அது வரைக்கும் பிளக்கைப் பிடுங்கிட்டே வேலை பாருங்க. நானும் பெட்டியும் ஒரே மின் அழுத்தத்துல இருக்கணும், அதுதான் விஷயம். பெயிண்ட் இல்லாத இரும்பை முதல்ல தொட்டு, ரிஸ்ட் ஸ்ட்ராப் கிளிப்பை அதுலயே மாட்டினா போதும். ஸ்ட்ராப் ஒயருக்குள்ள ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும், நம்ம உயிருக்காக. 'ஒயர்லெஸ் ஆண்டி ஸ்டாடிக் பட்டை'ன்னு ஆன்லைன்ல ஒண்ணு விக்கிறான், அதுக்குப் பதிலா கோயில் கயிறு கட்டிக்கலாம், புண்ணியமாவது கிடைக்கும். லேப்டாப்னா சார்ஜரைக் கழட்டி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் எடுத்துட்டுத்தான் ரேம்ல கை வைக்கணும். ஓரத்தைப் பிடிக்கணும், பின்னைத் தொடக்கூடாது.

கவர் விஷயத்துலயும் ஏமாத்து. ரோஸ் கலர் கவர் தானா சார்ஜ் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியே இருந்து வர்ற அடியைத் தடுக்கிறது வெள்ளி மினுங்குற கவர். எனக்குக் கொடுத்தது ரெண்டும் இல்லை, மளிகைக்கடை பாலிதீன்.

போன மாசம் மாமனார் கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. போட வேற கடைக்குப் போனேன். ஸ்ட்ராப் கட்டினாத்தான் பணம்னு கவுண்டர்லயே சொல்லிட்டேன். ஓனர் முறைச்சார். அப்புறம் டிராயர் அடியில இருந்து சீல் பிரிக்காத ஸ்ட்ராப் ஒண்ணைத் தேடி எடுத்தார், தூசி தட்டினார், பையன் கையில கட்டினார். சந்தோஷமா இருந்துச்சு. கிளிப்பை எங்கே மாட்டினார்னு குனிஞ்சு பார்த்தேன். மர மேஜைக் காலில்.

எழுந்து போய், கழட்டி, கேபினெட் ஸ்க்ரூவில மாட்டிட்டு வந்து உட்கார்ந்தேன். "சார், நீங்க பேங்க்ல ஆடிட்டரா?"ன்னு கேட்டார்.