ஃபிலிம் சுருளும் விமான நிலைய எக்ஸ்ரேயும்: கையால் சோதிக்கக் கேட்பது சலுகையா, உரிமையா?

டிஜிட்டல் கேமரா வந்து இத்தனை வருடம் ஆன பிறகு ஃபிலிமைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஃபிலிம் சாகவில்லை. கோடாக்கும் இல்ஃபோர்டும் இன்றும் சுருள் விற்கின்றன. அப்பாவின் பழைய கேமராவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிற கல்லூரிப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தவிர, ஒரு தடவை உபயோகித்துக் கொடுத்துவிடும் டிஸ்போசபிள் கேமரா, உடனே படம் துப்பும் இன்ஸ்டாக்ஸ்... இவற்றுக்குள் இருப்பதும் ஃபிலிம்தான். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஃபிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புப் படிகங்கள். அவற்றுக்கு வெளிச்சம் வேறு, எக்ஸ்ரே வேறு என்று தெரியாது. எது பட்டாலும் பதிவு செய்துகொள்ளும். ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த கையோடு மனைவியின் கை எலும்பைப் படம் பிடித்துக் காட்டியது போட்டோ தகட்டில்தானே! இந்த விஷயத்தில் ஃபிலிமின் மூக்கு ரொம்பக் கூர்மையானது. 1945 ஜூலை 16-ந் தேதி அமெரிக்கா நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டை ரகசியமாக வெடித்துப் பார்த்தது. அதன் கதிரியக்கத் தூசு எங்கோ இண்டியானாவில் இருந்த அட்டை ஆலை வரைக்கும் போய், அந்த அட்டையில் பொதிந்த கோடாக் எக்ஸ்ரே ஃபிலிம்களில் புள்ளிகளாக விழுந்தது. கம்பெனியின் விஞ்ஞானி ஜூலியன் வெப் அந்தப் புள்ளிகளை வைத்தே காரணம் எது என்று கண்டுபிடித்தார்.

இப்படிப்பட்ட ஒரு பொருளைப் பெட்டிக்குள் போட்டு எக்ஸ்ரே பெல்ட்டில் அனுப்பினால் என்ன ஆகும்? அது எந்த பெல்ட் என்பதைப் பொறுத்தது. பயணிகள் இதில்தான் குழம்பிப் போகிறார்கள்.

செக்-இன் செய்யும் பெட்டிகளுக்கு இருக்கும் இயந்திரம் வேறு ரகம். 1988 டிசம்பரில் லாக்கர்பி மேல் பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறிய பிறகு, பெட்டிக்குள் ஒளித்து வைத்த வெடிமருந்தைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேனின் தத்துவத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1994-ல் அமெரிக்க அரசின் சான்று பெற்ற சி.டி.எக்ஸ்-5000 இந்த வகை. முதலில் பெட்டியை மேலோட்டமாகப் பார்க்கும். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் குறுகலான, பலமான கதிரைப் பாய்ச்சும். ஃபிலிம் அந்தக் கதிரின் வழியில் இருந்தால் சுமார் 1 செ.மீ. அகலத்துக்குப் பட்டையாகக் கறை விழும். சுருட்டி வைத்த ஃபிலிம் என்பதால் பட்டை சில சமயம் பாம்பு மாதிரி வளைந்தும் வரும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002 முடிவதற்குள் எல்லாப் பெட்டிகளையும் சோதித்தாக வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. ஆகவே, கழுவாத ஃபிலிமை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கைப்பைக்கான இயந்திரம் சாதுவாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 800-க்குக் கீழே உள்ள ஃபிலிம் சில தடவை போய் வந்தால் கண்ணுக்குத் தெரிகிற பாதிப்பு இருக்காது என்றுதான் பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள், அது சரியாகவும் இருந்தது. (சில தடவை என்பதைக் கவனிக்கவும். எக்ஸ்ரே ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே போகும். நாலு விமானம் மாறினால் நாலு கணக்கு.) ஸ்டீவ் மெக்கரி தயாரிப்பில் கடைசியாக வந்த கோடாக்ரோம் சுருளோடு நியூயார்க்கிலிருந்து இந்தியா வந்து, ராஜஸ்தான் ராபாரி மக்களையெல்லாம் படம் எடுத்துத் திரும்பி, 2010 ஜூலையில் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊர் லேபில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மொத்தம் 36 படம்! ஆனாலும் அது ஐ.எஸ்.ஓ. 64, பழைய இயந்திரங்களின் காலம்.

அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டி.எஸ்.ஏ. 2019-ல் நூற்றுக்கணக்கான சி.டி. ஸ்கேனர்களைக் கைப்பை சோதனைக்கே வாங்க ஒப்பந்தம் போட்டது. பிரிட்டன் 2024 ஜூன் வரை கெடு வைத்தது. பல விமான நிலையங்கள் அதைத் தவறவிட்டன, ஆனால் போகிற திசை ஒன்றுதான். சி.டி. வந்துவிட்டால் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை என்று பயணிகளுக்கு ஒரே சந்தோஷம். ஃபிலிம் வைத்திருப்பவருக்கு மட்டும் அது அபாய மணி. "லேப்டாப் உள்ளேயே இருக்கட்டும்" என்று சொன்னால், எதிரே இருப்பது பெரும்பாலும் சி.டி. இயந்திரம்தான். இதில் ஒரு தடவை போனாலே ஃபிலிம் பாழாகலாம், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று ஃபிலிம் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். "800 வரை ஆபத்தில்லை" என்ற பழைய வாக்கியம் சி.டி.க்குப் பொருந்தாது. அதைப் பழைய ஞாபகத்தில் திருப்பிச் சொல்லும் ஊழியர் பொய் சொல்லவில்லை, அவருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரவில்லை என்பதுதான் நிஜம்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் இதற்குத் தெளிவாகவே ஒரு வரி உண்டு. பயணி கேட்டால் கேமராவையும் ஃபிலிமையும் எக்ஸ்ரேயில் விடாமல் சோதிக்க வேண்டும். கெஞ்ச வேண்டியதில்லை, கேட்டால் போதும். மற்ற பல நாடுகளில் எதிரே நிற்கும் அதிகாரி என்ன நினைக்கிறாரோ அதுதான் சட்டம். "ஒன்றும் ஆகாது, போடு" என்று ஒரு தள்ளு. பாதுகாப்பு முக்கியம், வரிசை நீளம், ஆளுக்கொரு சலுகை கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் யாரும் சோதனையே வேண்டாம் என்று கேட்கவில்லையே! டப்பாவைத் திறந்து, வெடிமருந்துத் துணியால் ஒரு துடைப்பு துடைத்துப் பார்க்க ஒன்றிரண்டு நிமிடம். தாகத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலுக்காக நடக்கும் வாக்குவாதத்துக்கு இதைவிட அதிக நேரம் போகிறது.

இன்னொன்று. ஃபிலிம் பாழானது பயணிக்கு அப்போது தெரியாது. ஊருக்கு வந்து, சுருளைக் கழுவி, பிரிண்ட் கைக்கு வந்த பிறகு நிழல் பகுதியெல்லாம் சாம்பல் பூத்து, மணல் மணலாக இருக்கும். அப்போதும் எக்ஸ்ரே மேல் சந்தேகம் வராது. கேமரா சரியில்லை, லேப்காரன் கெடுத்துவிட்டான், எடுக்கத் தெரியவில்லை என்று பழி எங்கெங்கோ போகும். தொழில்முறை போட்டோகிராபர் விவரம் தெரிந்து முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வார். பாட்டியின் கடைசித் தீபாவளியை ஒரே சுருளில் எடுத்து வந்தவருக்குத்தான் முழு நஷ்டமும். அதனால் இயந்திரத்தின் மேல் "இது சி.டி., ஃபிலிமை வெளியே எடுக்கவும்" என்று ஒரு பலகை ஒட்ட வேண்டியது விமான நிலையத்தின் வேலை. டிஸ்போசபிள் கேமராவோடு வரும் பயணி கதிரியக்கம் படித்துவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கோடாக்கின் ஃபன்சேவரில் இருப்பது 800 வேக ஃபிலிம், இன்ஸ்டாக்ஸும் 800. விவரமே இல்லாதவர் கையில்தான் சீக்கிரம் கெடுகிற சரக்கு இருக்கிறது, பாருங்கள்.

ஈயப் பை என்று ஒன்று விற்கிறார்கள். திரையில் கறுப்பாக ஒரு கட்டி தெரிந்தால் எந்த ஊழியரும் சும்மா விடமாட்டார். பையை ஓரமாக எடுத்துத் திறப்பார், அல்லது ஃபிலிமைத் தனியே எடுத்து மறுபடி பெல்ட்டில் விடுவார். முதலாவது நடந்தால் லாபம். இரண்டாவது நடந்தால் கொடுத்த காசு தண்டம்.

அதைவிட, சுருள்களை அட்டைப் பெட்டியிலிருந்தும் கறுப்பு டப்பாவிலிருந்தும் எடுத்து, உள்ளே இருப்பது தெரிகிற ஜிப் பையில் மொத்தமாகப் போட்டுக் கையில் வைத்துக்கொள்வது உத்தமம். மேலாக ஒரு 3200 சுருள் கிடந்தால் பேச்சு சுலபமாக முடியும். கேமராவுக்குள் பாதியில் நிற்கும் சுருளை முடித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. அரை மணி நேரம் முன்னதாகப் போய், கூட்டம் குறைந்த வரிசையில் நின்று, மரியாதையாகக் கேட்டால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. மறுத்துவிட்டால்? நீண்ட பயணமென்றால் போன ஊரிலேயே கழுவிவிடுவதுதான் மிஞ்சும் வழி. தபாலில் அனுப்பலாமே என்பவர்களுக்கு: 2001 ஆந்த்ராக்ஸ் கடிதங்களுக்குப் பிறகு வாஷிங்டன் அரசு அலுவலகங்களுக்குப் போகும் தபாலைக் கதிர்வீச்சில் குளிப்பாட்டியே அனுப்பினார்கள். அதற்கு முன்னால் விமான நிலைய எக்ஸ்ரே வெறும் தீக்குச்சி.

ஆள் நடந்து போகும் மெட்டல் டிடெக்டரால் ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது. கழுவி முடித்த நெகட்டிவ், பிரிண்ட், டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டு எதற்கும் எந்த எக்ஸ்ரேயாலும் பயமில்லை. அதற்கெல்லாம் போய் அதிகாரியோடு மல்லுக்கு நின்று, பின்னால் வரும் ஃபிலிம்காரரின் வாய்ப்பைக் கெடுக்க வேண்டாம்.