11, 28, 67: ஒரு பனிச்சறுக்குக் கழகம் தனது இறந்தவர்களை எண்ணிய விதம்

2025 ஜனவரி 29 ஆம் திகதி இரவு, வொஷிங்டன் ரீகன் தேசிய விமான நிலையத்தில் தரையிறங்க வந்துகொண்டிருந்த பயணிகள் விமானமும் அமெரிக்க இராணுவத்தின் பிளாக் ஹோக் ஹெலிகொப்டரும் பொட்டோமக் ஆற்றின் மேலாக மோதிக்கொண்டன. விமானத்தில் 64 பேர், ஹெலிகொப்டரில் 3 பேர். ஒருவரும் தப்பவில்லை.

விமானம் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரிலிருந்து வந்தது. அங்கேதான் அமெரிக்காவின் தேசிய பிகர் ஸ்கேட்டிங் சம்பியன்ஷிப் போட்டிகள் நடந்து முடிந்திருந்தன. அதன் தொடர்ச்சியாக, வளர்ந்துவரும் சிறுவர் சிறுமியருக்கான பயிற்சி முகாம் ஒன்றும் நடந்தது. அந்த முகாம் முடிந்து வீடு திரும்பியவர்களில் பலர் அந்த விமானத்தில் இருந்தார்கள். சப்பாத்தின் அடியில் இரும்புத் தகடு பொருத்தி, இசைக்கேற்பப் பனித்தரையில் சுழன்றும் பாய்ந்தும் ஆடுகிற விளையாட்டு இது. நமது ஊரில் இதைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருப்போம். பனித்தரையை நானும் நேரில் கண்டதில்லை. ஆனால், அந்த விபத்துக்குப் பிறகு வந்த செய்திகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது விளையாட்டு அல்ல, ஓர் எண்.

முதல் நாள் செய்திகளில் 'ஸ்கேட்டிங் வீரர்கள் பயணித்த விமானம்' என்றுதான் தலைப்புகள் வந்தன. அமெரிக்க பிகர் ஸ்கேட்டிங் சங்கம் பின்னர் தனது இழப்பை 28 என்று அறிவித்தது. அதில் வீரர் வீராங்கனைகள் 11 பேர். பயிற்றுநர்கள் 4 பேர். மீதி 13 பேர் குடும்பத்தினர். அநேகமாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தாய்மாரும் தகப்பன்மாரும். ஒரு விளையாட்டுச் சங்கம் தனது இறந்தவர்களை எண்ணும்போது 11 என்று நிறுத்தியிருக்கலாம். பதக்கத்துக்காக ஆடியவர்கள் அவ்வளவுதான். பயிற்றுநர்களையும் சேர்த்து 15 என்று சொல்லியிருக்கலாம். 28 என்று சொன்னதன் மூலம், அதிகாலையில் கார் ஓட்டிய அம்மாவும் எங்கள் ஆள்தான் என்று அது சொன்னது. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கே இன்னும் ஒரே பதில் இல்லாத இடத்திலிருந்து எழுதுகிறேன். யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்பதைத்தான் எந்தப் பட்டியலிலும் நான் முதலில் தேடுவேன்.

அந்த 28 ஏன் நியாயமான எண் என்பதை விளங்கிக்கொள்ள ஒரு ஸ்கேட்டிங் கழகம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். பனித்தரைக்குப் பெரிய செலவு. மணித்தியாலக் கணக்கில் வாடகை. ஹொக்கிக்காரர்களுக்கும் பொதுமக்களுக்கும் போக மிச்சமாகிற நேரம் பெரும்பாலும் விடியற்காலைதான். பாடசாலைக்கு முன்னர் பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கி, பயிற்சி முடியும்வரை குளிரில் பெஞ்சில் காத்திருப்பது பெற்றோரின் வேலை. கழகத்தின் நிர்வாகக் குழு சம்பளமில்லாத குழு. பாட்டுப் போடுபவர், பெயர்ப் பதிவு செய்பவர், போட்டி நாளில் தேநீரும் உணவும் ஏற்பாடு செய்பவர் எல்லோரும் தொண்டர்கள். இதில் பலருக்குத் தெரியாத விடயம், அமெரிக்காவின் உள்நாட்டுப் போட்டிகளில் புள்ளி போடும் நடுவர்களும் தொண்டர்களே. வார இறுதிகளை இதற்குக் கொடுத்து, வருடக்கணக்காகத் தேர்வெழுதி அந்தத் தகுதியைப் பெறுகிறார்கள்.

இந்த விளையாட்டில் ஆடி முடித்தவர் தனது புள்ளிகளுக்காகக் காத்திருக்க ஒரு வாங்கு போட்டிருப்பார்கள். 'கிஸ் அண்ட் க்ரை' என்று அதற்குப் பெயர். முத்தமும் அழுகையும் நடக்கிற இடம். அந்த வாங்கில் ஆடியவர் தனியே இருப்பதில்லை, பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார். தோற்றாலும் வென்றாலும் கமராவுக்கு இருவரும் சேர்ந்தே முகம் காட்டவேண்டும். பயிற்றுநரின் பங்கை இப்படிப் பகிரங்கமாக ஏற்றுக்கொள்கிற விளையாட்டுகள் அதிகமில்லை.

விபத்தில் பல கழகங்கள் அடிபட்டன. வொஷிங்டனைச் சுற்றியுள்ள வேர்ஜினியா, மேரிலாண்ட் பகுதிக் கழகங்கள், டெலவெயார், பொஸ்டன். பொஸ்டன் ஸ்கேட்டிங் கழகம் 1912 இல் தொடங்கப்பட்டது. அது இழந்தது ஆறு பேரை. இரண்டு இளம் ஸ்கேட்டர்கள், அவர்களுடைய இரண்டு தாய்மார், இரண்டு பயிற்றுநர்கள். பயிற்றுநர்கள் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய தம்பதி: எவ்கேனியா ஷிஷ்கோவா, வாடிம் நௌமோவ். 1994 இல் இணையர் பிரிவில் உலகச் சம்பியன்கள். பிள்ளைகள் இருவரும் கொரியப் பூர்வீகம் கொண்டவர்கள். அமெரிக்காவின் இன்றைய ஸ்கேட்டிங் கழகங்களில் கால்வைத்தால் கேட்கக்கூடிய பெயர்கள் இப்படித்தான் இருக்கும். சீன, கொரிய, ரஷ்யப் பெயர்கள்.

ஜனவரி 30 அன்று இரண்டு ஊடகச் சந்திப்புகள் நடந்தன. பொஸ்டனுக்கு அருகிலுள்ள நோர்வூட்டில், கழகத்தின் தலைமை நிர்வாகி ஆறு பேரின் பெயர்களையும் சொன்னார். பிள்ளைகளுடைய பெயர்களை மட்டுமல்ல, தாய்மாருடைய பெயர்களையும் சொன்னார். அன்று அந்த மண்டபத்துக்கு 1956 ஒலிம்பிக் சம்பியன் டென்லி ஆல்பிரைட்டும் நான்சி கெரிகனும் வந்திருந்தார்கள். அதே நாளில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், விமானப் போக்குவரத்து நிர்வாகத்தில் பன்மைத்துவ அடிப்படையில் ஆட்களைச் சேர்த்ததே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்ற பாணியில் பேசினார். சான்று எதுவும் முன்வைக்கவில்லை. ஆற்றிலிருந்து உடல்கள் இன்னும் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஊடகக் கற்கை படித்த காலத்தில், துயரச் செய்தியை முதல் 24 மணித்தியாலத்தில் யார் சட்டகமிடுகிறார்களோ அவர்களே அதை நீண்டகாலம் ஆள்வார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இந்த முறை அது பொய்த்துப்போனது. அரசியல் சட்டகம் சில நாட்களில் பலமிழந்தது. பெயர்கள் நின்றன.

பொஸ்டன் கழகத்துக்கு இது முதல் தடவை அல்ல என்பதும் அதற்கு ஒரு காரணம்.

1961 பெப்ரவரி 15. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் நடக்கவிருந்த உலகச் சம்பியன்ஷிப் போட்டிக்கு அமெரிக்க அணி முழுவதையும் ஏற்றிக்கொண்டு நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட சபேனா நிறுவனத்தின் போயிங் 707 விமானம், பிரசல்ஸ் விமான நிலையத்துக்கு அருகே வீழ்ந்தது. விமானத்திலிருந்த 72 பேரும், தரையில் நின்ற ஒரு விவசாயியும் கொல்லப்பட்டார்கள். ஸ்கேட்டிங் குழுவைச் சேர்ந்தவர்கள் 34 பேர். 18 வீரர் வீராங்கனைகள், 16 பயிற்றுநர்கள், நடுவர்கள், அதிகாரிகள், உறவினர்கள். உலகச் சம்பியன்ஷிப்பே அந்த வருடம் இரத்துச் செய்யப்பட்டது.

அதில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மரிபெல் வின்சன் ஓவன். ஒன்பது முறை அமெரிக்கச் சம்பியன். பின்னர் பயிற்றுநர். டென்லி ஆல்பிரைட்டை ஒலிம்பிக் தங்கத்துக்குக் கொண்டுவந்தவர். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிய முதல் பெண்ணும் இவர்தான் (எங்கள் தொழிலுக்கும் அவர் முன்னோடி). அவரும் இரண்டு மகள்மாரும் அந்த விமானத்தில் இருந்தார்கள். 16 வயதான இளைய மகள் லோரன்ஸ், அமெரிக்காவின் புதிய சம்பியன். இரண்டு நாட்களுக்கு முந்திய திகதியிட்ட 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட்' சஞ்சிகையின் அட்டையில் அவருடைய படம் இருந்தது. ஒரே நாளில் ஒரு வீட்டின் பெண்கள் மூன்று பேர்.

அந்த அழிவிலிருந்து ஸ்கேட்டிங் சமூகம் எப்படி எழுந்தது என்பதில்தான் எனக்கு அதிக அக்கறை. நினைவுத்தூபி கட்டியதோடு அவர்கள் நிறுத்தவில்லை. விபத்து நடந்த கையோடு ஒரு நினைவு நிதியம் தொடங்கினார்கள். வசதியில்லாத இளம் ஸ்கேட்டர்களுக்குப் பயிற்சிக்கும் சப்பாத்துக்கும் படிப்புக்கும் உதவுவது அதன் வேலை. அந்த விமானத்தில் இறந்த பில் கிப் என்ற பயிற்றுநரின் மாணவி ஒருத்திக்கு அப்போது 12 வயது. பெயர் பெகி பிளெமிங். நிதியத்தின் உதவியை ஆரம்பத்தில் பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1968 இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரேயொரு தங்கம் அவருடையது. நிதியம் இன்றும் இயங்குகிறது.

ஆனால் பணத்தால் மட்டும் அது நடக்கவில்லை. ஆடத் தெரிந்தவர்கள் போனதைவிடக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் போனதுதான் பெரிய இழப்பு. பதினாறு வயதுப் பிள்ளை இன்னொன்று வளர்ந்து வந்துவிடும். பயிற்றுநர் ஒருவர் உருவாக இருபது வருடம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இத்தாலியிலிருந்து கார்லோ ஃபாஸி கொலராடோவுக்கு வந்தார். கிப்பின் இடத்துக்கு பிரித்தானியரான ஜோன் நிக்ஸ் கலிபோர்னியாவுக்கு வந்தார். 1960 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, ஓய்வுபெற்று, குழந்தையும் பெற்றிருந்த பார்பரா ரோல்ஸ் மீண்டும் சப்பாத்து அணிந்து 1962 தேசியப் பட்டத்தை வென்றார். மரிபெல் ஓவனின் மாணவர்களில் ஒருவரான பிராங்க் கரோல் பின்னாளில் மிஷெல் குவானுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு பயிற்றுநரைக் கௌரவிப்பது என்றால் அவரிடம் படித்தவர் அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என்பதை அவர்கள் ஒருபோதும் தீர்மானமாக எழுதி வைக்கவில்லை. செய்துகாட்டினார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. 1961 இன் நினைவு நெடுங்காலம் சம்பியன்களின் நினைவாகவே இருந்தது. லோரன்ஸ் ஓவனின் அட்டைப்படம் எல்லோருக்கும் தெரியும். நடுவர்களையும் அதிகாரிகளையும் உறவினர்களையும் யாருக்கு ஞாபகம்? அணியை முழுமையாக அமெரிக்க பிகர் ஸ்கேட்டிங்கின் புகழ் மண்டபத்தில் சேர்த்தது 2011 இல்தான். ஐம்பது வருடம் எடுத்தது. 2025 இல் 28 என்ற எண் உடனே சொல்லப்பட்டதை அந்த ஐம்பது வருடத் தாமதத்தோடு சேர்த்துத்தான் நான் வாசிக்கிறேன்.

2025 மார்ச் 2 ஆம் திகதி வொஷிங்டனில் 'லெகஸி ஒன் ஐஸ்' என்ற அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. பெரிய சம்பியன்களும் உறவுகளை இழந்த பிள்ளைகளும் ஒரே பனித்தரையில் ஆடினார்கள். ஷிஷ்கோவா, நௌமோவ் தம்பதியின் ஒரே மகன் மக்சிமும் ஆடினார். 10 லட்சம் டொலருக்கு மேல் நிதி சேர்ந்தது. அந்தப் பணம் ஸ்கேட்டிங் குடும்பங்களோடு நிற்காமல் 67 பேரின் குடும்பங்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். இது முக்கியம். ஏனென்றால் அந்த விமானத்தில் கன்சாஸில் வாத்து வேட்டைக்குப் போய்த் திரும்பிய நண்பர்கள் குழு ஒன்றும் இருந்தது. குழாய் பொருத்தும் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். வேலைப் பயணம் போனவர்கள், விமானப் பணியாளர்கள், ஹெலிகொப்டரில் மூன்று சிப்பாய்கள். அழகான காணொளி இருப்பவர்களையே தொலைக்காட்சி தேடும். குழாய் பொருத்துபவருக்கு அப்படியொரு காணொளி இருக்காது. 28 ஐச் சொல்லிக்கொண்டே 67 ஐ மறைக்காமல் இருப்பது சுலபமல்ல. ஸ்கேட்டிங்காரர்கள் முயன்றார்கள், ஊடகங்கள் பெரிதாக முயலவில்லை என்பது என் கணிப்பு.

மக்சிமின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். விச்சிட்டாவில் நான்காவதாக வந்து, முகாமுக்கு நிற்காமல் முன்கூட்டியே வீடு திரும்பியதால் உயிரோடு இருப்பவர். பெற்றோர் நடத்திய சிறுவர் வகுப்பைத் தானே பொறுப்பேற்றார். 2026 ஜனவரியில் தேசியப் போட்டியில் மூன்றாமிடம் பெற்று ஒலிம்பிக் அணிக்குத் தெரிவானார். புள்ளிகளுக்காகக் காத்திருந்த அந்த வாங்கில், தான் குழந்தையாக அப்பா அம்மாவோடு நின்ற படத்தைக் கையில் பிடித்திருந்தார். படம் உலகமெங்கும் போனது. நானும் அதைப் பகிர்ந்தேன். ஆனால் ஒரு மகனின் மீட்சியைக் கொண்டாடுகிற வேகத்தில் ஏன் மோதினார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிற ஆபத்து இருக்கிறது.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்தவர்கள் குடும்பங்கள். 1961 விபத்துக்கு உறுதியான காரணம் கண்டுபிடிக்கப்படவேயில்லை. அதனால் அஞ்சலிதான் மிஞ்சியது. 2025 இல் அப்படியல்ல. ஹெலிகொப்டர் அந்தப் பாதையில் 200 அடிக்கு மேல் பறந்திருக்கக்கூடாது. மோதியபோது இருந்த உயரம் 278 அடி. 2021 ஒக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை அதே விமான நிலையத்தைச் சுற்றி விமானங்களும் ஹெலிகொப்டர்களும் ஆபத்தாக நெருங்கிய சம்பவங்கள் 15,214 என்று தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கணக்குக் காட்டியது. தரவு அதிகாரிகளிடம் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. 2025 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் நீதிமன்றத்தில், தனது தரப்பின் கவனக்குறைவு விபத்துக்குக் காரணமானதை ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கைத் தொடுத்தது ஸ்கேட்டிங் குடும்பம் அல்ல. இன்னொரு பயணியின் மனைவி.

இழப்பு நடந்து பதினொரு மாதத்தில் ஓர் அரசாங்கம் தன் கையெழுத்தோடு பொறுப்பை ஏற்றதை இதை வாசிப்பவர்களில் பலர் இரண்டு தடவை வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஏற்பு தானாக வரவில்லை. எல்லா 67 குடும்பங்களும் ஒரே அமைப்பில் இல்லைதான், ஆனாலும் பலர் படங்களைச் சுமந்துகொண்டு விசாரணைக் கூட்டங்களுக்கும் காங்கிரஸ் அலுவலகங்களுக்கும் திரும்பத் திரும்பப் போனார்கள். சுற்றியுள்ள வானூர்திகளை விமானிக்கு முன்கூட்டியே காட்டும் கருவியைக் கட்டாயமாக்கும் சட்டமூலத்தை செனற் சபை அதே டிசம்பரில் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் அது அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. குடும்பங்கள் அதன் பின்னரும் அங்கே போய்க்கொண்டிருந்தன.