கற்றவர் இருக்கிறார், கற்க வழி எங்கே?

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் வழியில் உச்சிப்புளி இருக்கிறது. 2009இல் 'ஐ.என்.எஸ். பருந்து' என்று பெயர் சூட்டப்பட்ட கடற்படை விமானத் தளம் அங்கேதான். தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால், பனங்காட்டில் ஆடு மேய்க்கும் சிறுவனும், மண்டபம் கரையில் வலை உலர்த்தும் மீனவர் மகனும் அண்ணாந்து பார்ப்பார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஓட்டக் கற்க வேண்டுமானால்?

இதே கரையில் பிறந்த அப்துல் கலாமின் கதையை நாடறியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படித்து முடித்து, விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார் கலாம். இடம் 8 பேருக்குத்தான், அவர் ஒன்பதாவது.

சரி, இடம் கிடைத்தவர் கதை என்ன? அவரை உருவாக்குவது பொதுமக்களின் வரிப்பணம். விமானம், எரிபொருள், ஆசான் எல்லாமே சர்க்கார் செலவு. அந்த ஆசான்களுக்கே கற்பிக்கும் விமானப்படைப் பள்ளி 1954 முதல் நம் தாம்பரத்தில் நடக்கிறது. குறுகிய காலப் பணியில் சேர்ந்த விமானி 14 ஆண்டுகள் முடிந்ததும் வெளியே வருகிறார். ஓய்வூதியம் கிடையாது. குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். சிவில் பரீட்சைகள் எழுதி, பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராகிறார். உழைத்துப் பிழைக்கும் அவரை யார் குறை கூற முடியும்? போருக்குப் பழகிய கை, ஓர் இளைஞனுக்குப் பத்திரமாகத் தரையிறங்கக் கற்றுக் கொடுப்பது நல்ல காரியமே.

ஆனால் அவர் பக்கத்தில் அமர்ந்து கற்பவன் யார்? வர்த்தக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் மாணவன் பணம் கட்ட வேண்டும். செலவு பல லட்சங்கள்! உத்தரப் பிரதேசத்தின் பர்சத்கஞ்சில் 1985 முதல் மத்திய சர்க்காரின் பயிற்சி நிலையமே இருக்கிறது. அங்கும் கட்டணம் லட்சக்கணக்கில்தான். 2022இல் சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி நடத்த இடம் ஒதுக்கினார்கள். நிலையம் பொதுச்சொத்து, பள்ளி தனியாருடையது. அன்று ஆயிரம் ரூபாய்க்கே வளையல் அடகுக்குப் போயிற்று. இன்று எந்த மீனவக் குடும்பத்தின் வளையல் இதற்குக் காணும்?

"சர்க்காரிடம் பணம் ஏது?" என்று கேட்பார்கள். ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? டாக்டரை உருவாக்கச் சர்க்கார் செலவிடலாம், விமானியை உருவாக்கக் கூடாதா? ஆசானை உருவாக்கிய செலவை மக்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். ஓடுபாதைகளும் மக்கள் பணத்தில் போட்டவையே. மிச்சம் பயிற்சி விமானங்களும் எரிபொருளும்தான்.

ஆகவே, தமிழ்நாட்டில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி வேண்டும். படையிலிருந்து ஓய்வு பெற்ற விமானிகளுக்கு அங்கே நிரந்தர வேலையும் தகுந்த சம்பளமும் வேண்டும். கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணமாக இருக்க வேண்டும். கரையோர ஏழைப் பிள்ளைகளுக்கு அதில் இடம் ஒதுக்க வேண்டும். மக்கள் பணத்தில் கற்ற வித்தை மக்கள் பிள்ளைகளுக்குத் திரும்பி வரட்டும். இதைக் கேட்பது யாசகமல்ல; கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதுதான்.