பெரிய பிட்ச் வேகம் தராது

அமெரிக்காவில் பாஸ் மீன்பிடிப் போட்டி நடக்கும் ஏரிக்கரைகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை இது: “படகு வேகம் போதவில்லையா? பெரிய பிட்ச் புரொப்பெல்லர் மாட்டு, மோட்டாரை இன்னும் மேலே தூக்கு.” நல்ல இடத்துக்கு முந்திப் போனவருக்கே மீன் என்பதால் இந்தப் பேச்சுக்கு மவுசு அதிகம். ஆனால் பணத்தையும் எஞ்சினையும் ஒருசேரக் கெடுக்கும் யோசனை இது.

பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம். 25 அங்குலத்தைவிட 27 அங்குலம் அதிக தூரம் தள்ளும் என்கிறார்கள். சுழற்சி மாறாமல் இருந்தால் சரிதான். மாறிவிடுகிறதே! பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் எஞ்சினின் உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை இறங்கும். கியர் விகிதம் 1.75, பிட்ச் 25, சுழற்சி 5,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் நழுவலே இல்லாவிட்டால் மணிக்கு 78.5 மைல் வரும். 27 மாட்டிச் சுழற்சி 5,400க்கு இறங்கினால் 78.9. காகிதத்தில்கூட அரை மைல் தேறவில்லை. தண்ணீரில் அதுவும் மிஞ்சாது. சுழற்சி குறைந்த எஞ்சின் தன் முழுத் திறனைத் தருவதில்லை. 6,000 வரை சுழலலாம் என்று தயாரிப்பாளர் சொன்ன எஞ்சினை 5,400லேயே திணறவிட்டு முழு த்ராட்டிலில் ஓட்டுவது, பாரவண்டியை டாப் கியரில் மேடேற்றுவது மாதிரிதான். அடி வாங்குவது பிஸ்டனும் பேரிங்கும்.

இன்னொன்று, புரொப்பெல்லரில் பொறித்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பிளேடின் பின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், லேசாக வளைந்த உதடு ஒன்று தட்டுப்படும். ‘கப்’ என்பது அதைத்தான். அந்த வளைவு கொஞ்சம் ஆழமானாலே பிட்ச் கூடியதுபோல் சுழற்சி இறங்கும். ஆனால் நீரில் பிடிப்பு பலப்படும். 25 என்று பொறித்த இரண்டு புரொப்பெல்லர்கள் ஒரே படகில் வேறுவேறாக ஓடுவது இதனால்தான். புதிதாக வாங்குமுன் இருப்பதை நல்ல பட்டறையில் காட்டிச் சரிபார்ப்பதே என் கட்சி.

மோட்டாரைத் தூக்குவதில் பாதி உண்மை உண்டு. கியர் பெட்டி நீரில் குறைவாக மூழ்கினால் இழுவை குறையும். அளவு மீறினால் பிளேடு காற்றை உறிஞ்சும். சுழற்சி எகிறும், ஜி.பி.எஸ். வேகம் அப்படியே நிற்கும். திருப்பத்தில் பிடிப்பு விடும். குளிர்விக்கும் நீர் நுழையும் துளைகளும் மேலே வந்துவிட்டால் எஞ்சின் சூடேறும். மோட்டாரை ஏற்றி இறக்கும் ஜாக் பிளேட்டில் கால் அங்குலம் மட்டும் ஏற்றி, நீரழுத்த மானியைப் பார்த்து, அதே நீர்ப்பரப்பில் இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும்.

மூன்று பிளேடு புரொப்பெல்லரைவிட நான்கு பிளேடு மெதுவானது என்பதும் முழு உண்மை இல்லை. உச்ச வேகத்தில் ஓரிரு மைல் குறையலாம். பாரம் ஏற்றிய படகைச் சட்டென எழுப்புவதிலும், அலையில் பிடிப்பு விடாமல் ஓடுவதிலும் பெரும்பாலும் அதுவே மேல்.

வெற்றுப் படகில் ஒருவர் ஓட்டிக் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். மீனை உயிரோடு வைக்கும் தொட்டியில் 110 லிட்டர் நீர் நிரப்பினாலே 110 கிலோ ஏறிவிடும். எரிபொருள், இரண்டு ஆள், தூண்டில் பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றி, முழு த்ராட்டிலில் சுழற்சி எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியை அது எட்டாவிட்டால், அடுத்து வாங்க வேண்டியது சிறிய பிட்ச்.