எந்த ஆல்பம் உசத்தி? அண்ணன்-தம்பி தகராறு!

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டி வடக்கே போனால் குருசுக்குப்பம் வரும்.

அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணி. அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது. வாசலில் அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிறார்கள்.

"முதல் ஆல்பத்துக்கு மேலே எதுவும் கிடையாது!" என்கிறான் அண்ணன்.

"இரண்டாவதை ஒழுங்கா கேட்டியாண்ணே?" என்கிறான் தம்பி.

"கேட்டேன், கேட்டேன்! பழைய ருசி இல்லை."

"அப்போ மூணாவது?"

"அதைப் பற்றிப் பேசாதே!"

உள்ளே இருந்து அப்பா குரல் கொடுக்கிறார்: "டேய்! அங்கே என்னடா சண்டை? எந்தக் கட்சிக்காக அடித்துக்கொள்கிறீர்கள்?"

கட்சிச் சண்டை அல்ல. நடிகர் சண்டையும் அல்ல. இரண்டு பேருக்கும் பிடித்தது ஒரே பாட்டுக் குழு. அந்தக் குழு வெளியிட்ட ஆல்பங்களில் எது உசத்தி? அதுதான் தகராறு!

இந்தச் சண்டை லண்டனில் நடக்கிறது. பெங்களூரில் நடக்கிறது. ராக் இசை கேட்கும் வாலிபர்கள் எங்கே இருந்தாலும் நடக்கிறது.

இது வெட்டிச் சண்டையா?

இல்லை. பாட்டு நிலைக்குமா, பாடுகிறவன் பிழைப்பானா என்ற கேள்வியே இதற்குள் இருக்கிறது.

ஆல்பம் என்றால் என்ன?

பழைய கிராமபோன் இசைத்தட்டு ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடப் பாட்டுதான் பிடிக்கும். நீளமான இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அந்தத் தட்டுகளை, போட்டோ ஆல்பம் போல ஒரு புத்தகத்தில் செருகி விற்றார்கள். அதனால் வந்த பெயர்தான் ஆல்பம்.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கும் மேல் ஓடும்! பல பாட்டுகள் ஒரே தட்டில் அடங்கின. ஆனால் ஆல்பம் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

நம் ஊரில் பாட்டு என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். கதைக்குத் தக்கபடி பாட்டு வரும். ராக் குழுக்களுக்குக் கதை கிடையாது, கதாநாயகன் கிடையாது. எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் முழங்க, அவர்களே எழுதி அவர்களே பாடுவார்கள். பத்துப் பாட்டுகளை ஒரு வரிசையில் கோத்து ஆல்பமாக வெளியிடுவார்கள்.

அவர்களிலும் ஒரு சாரார், சந்தையில் எது விற்கிறதோ அதையே திருப்பிப் பாட மாட்டோம் என்று தனி வழியில் போகிறவர்கள். அவர்களுடைய இசைக்கு 'ஆல்டர்னேட்டிவ் ராக்' என்று பெயர்.

தனி வழியில் போகிறவர்கள் அடிக்கடி வழியை மாற்றுவார்கள். ரசிகர்களின் சண்டை அங்கேதான் ஆரம்பம்!

எதிரி இல்லாத சண்டை

தமிழனுக்கு ரசிகர் சண்டை புதிதல்ல. பாகவதரா, சின்னப்பாவா? எம்.ஜி.ஆரா, சிவாஜியா? இளையராஜாவா, ரகுமானா? தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையும் சண்டை போட்டாகிவிட்டது.

ஆனால் அவை இரண்டு பேருக்கு நடுவே நடந்த சண்டைகள். நம் ஆள் ஜெயிக்க வேண்டும். எதிராளி தோற்க வேண்டும். அதற்காக எதிராளியின் பாட்டைக் கேட்காமலே குறை சொன்னவர்களும் உண்டு.

ஆல்பம் சண்டையில் எதிரியே கிடையாது. ஒரே ஆளின் நேற்றைய வேலையையும் இன்றைய வேலையையும் ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டவனுக்குத்தான் வாய் திறக்க உரிமை. இது ஒரு நல்ல பழக்கம் அல்லவா?

நமக்கும் இது பொருந்தும். இளையராஜா சினிமாவை விட்டு விலகி இரண்டு ஆல்பங்கள் போட்டார். 1986-இல் 'ஹவ் டு நேம் இட்'. அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கை ஆக்கினார். 1988-இல் 'நத்திங் பட் விண்ட்'. அதில் புல்லாங்குழல் ஊதியவர் ஹரிபிரசாத் சௌராசியா. இரண்டில் எது உசத்தி? வீட்டில் கேட்டுப் பாருங்கள். ராத்திரிச் சாப்பாடு ஆறிப் போகும்!

'அகம்' செய்த மாறுதல்

இன்று தென்னாட்டு வாலிபர்கள் இப்படி ஒப்பிட்டுப் பேசும் குழுக்களில் ஒன்று 'அகம்'. பெங்களூரில் 2003-இல் தொடங்கியது. கர்நாடக சங்கீதத்தையும் ராக் இசையையும் சேர்த்துப் பாடுகிறது. முன்னணிப் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். குழுவினர் பலர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே பாடி முன்னுக்கு வந்தவர்கள்.

முதல் ஆல்பம் 2012-இல் வந்தது. பெயர் 'தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்'. சுவாதித் திருநாளின் தனாஸ்ரீ தில்லானா அதில் கிதாரோடு வந்தது. கச்சேரி கேட்டவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். இளைஞர்கள் கை தட்டினார்கள்.

இரண்டாவது 2017-இல். பெயர் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்'. அதில் தியாகராஜரும் உண்டு. தமிழ்க் கூத்தும் உண்டு.

மூன்றாவது 'அரைவல் ஆஃப் தி எதீரியல்', 2025-இல். சின்னக்குயில் சித்ராவும் இவர்களோடு சேர்ந்து பாடியிருக்கிறார்.

இரண்டாவதற்கு ரசிகர்கள் 5 வருடம் காத்திருந்தார்கள். மூன்றாவதற்கு 8 வருடம்! இத்தனை வருடத்தில் பாடுகிறவனும் மாறுவான்; கேட்கிறவனும் மாறுவான். காலேஜில் முதல் ஆல்பம் கேட்டவன், மூன்றாவது வரும்போது கையில் குழந்தையோடு நிற்பான்.

"பழைய ருசி இல்லை" என்று அவன் சொல்கிறான். ருசி போனது பாட்டிலா? அவன் நாக்கிலா?

கிதாரைக் கீழே வைத்தார்கள்!

வெளிநாட்டுக் கதை ஒன்றைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 'ரேடியோஹெட்' என்று ஒரு குழு. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து நண்பர்கள். 1993 முதல் 2016 வரை ஒன்பது ஆல்பங்கள் போட்டார்கள். 1997-இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' அவர்களை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது.

அடுத்ததும் அதே மாதிரி இருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். 2000-இல் 'கிட் ஏ' வந்தது. கேட்டவர்கள் திகைத்தார்கள். கிதார் பின்னால் போய்விட்டது. மின்கருவிகளின் ஓசை முன்னால் வந்துவிட்டது!

"ஏமாற்றிவிட்டார்கள்!" என்றார்கள் சிலர். பத்திரிகைகளிலும் சில கடுமையாகத் தாக்கின.

பிறகு என்ன நடந்தது? ஆண்டுகள் போயின. திட்டியவர்களும் திரும்பக் கேட்டார்கள். 2009-இல் அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை, அந்தப் பத்தாண்டின் முதல்தர ஆல்பம் என்று எதைச் சொன்னது தெரியுமா? அதே 'கிட் ஏ'யைத்தான்!

முதல் நாள் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு அல்ல.

இந்தக் குழுவின் ஜானி கிரீன்வுட் நம் நாட்டுக்கும் வந்தார். ஜோத்பூர் மெஹரான்கர் கோட்டையில் ராஜஸ்தான் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்தார். அதில் பிறந்த 'ஜுனூன்' என்ற ஆல்பம் 2015-இல் வெளிவந்தது. பழைய வழியிலேயே நின்றிருந்தால் இது நடக்குமா?

விலையை நீங்களே சொல்லுங்கள்!

இதே குழு 2007 அக்டோபர் 10-ஆம் தேதி ஒரு காரியம் செய்தது. 'இன் ரெயின்போஸ்' என்ற புது ஆல்பத்தைத் தங்கள் இணையதளத்தில் வைத்தார்கள். விலை போடவில்லை. "உங்களுக்கு இஷ்டமானதைக் கொடுங்கள்" என்றார்கள். ஒன்றும் கொடுக்காமல் எடுத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தார்கள்!

ஒன்றும் கொடுக்காமல் எடுத்தவர்கள் உண்டு. பணம் கொடுத்து எடுத்தவர்களும் உண்டு. சில மாதங்களில் அதே ஆல்பம் தட்டாகக் கடைக்கு வந்தது. சும்மா கிடைத்த சரக்கை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? வாங்கினார்கள்! இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதல் இடம்!

எல்லாக் குழுவும் இப்படிச் செய்ய முடியாது. அவர்கள் ஏற்கனவே புகழ் பெற்றவர்கள். ஆனால் ஒன்று தெரிந்துபோயிற்று. பாட்டைத் தன்னுடையது என்று நினைக்கிறவன் காசு கொடுக்கத் தயங்குவதில்லை. முழு ஆல்பத்தையும் கேட்டு, அதற்காக நண்பனோடு சண்டை போடுகிறவன்தான் அந்த ரசிகன்.

துண்டுப் பாட்டு

இப்போது ஆபத்து வேறு திசையில் வருகிறது.

செல்போனில் பாட்டு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் முழுப் பாட்டைக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்? அரை நிமிடம் ஒரு துண்டு. விரல் நகர்கிறது. அடுத்த துண்டு. பாடியவர் யார்? தெரியாது. எந்த ஆல்பம்? கேட்கவே வேண்டாம்!

சினிமாப் பாட்டுக்குப் படம் துணை நிற்கும். நடிகர் துணை நிற்பார். தனிக் குழுவுக்கு யார் துணை? ரசிகன் ஒருவன்தான். அவனும் துண்டோடு போய்விட்டால் அடுத்த ஆல்பம் ஏது?

துண்டிலும் ஒரு நன்மை உண்டு. ரேடியோஹெட்டின் 'லெட் டவுன்' 1997-இல் வந்த பாட்டு. சிறு வீடியோக்களில் அது பரவியது. 28 வருடம் கழித்து, 2025-இல், அமெரிக்காவின் 'பில்போர்டு' முதல் நூறு பாட்டுகளின் பட்டியலில் அது ஏறியது! அந்தப் பாட்டு வந்தபோது பிறக்காத பிள்ளைகள் அதைத் தேடிப் பிடித்தார்கள்.

துண்டு, வாசல்படி. வாசலோடு திரும்பிப் போகிறவனுக்கு வீட்டுக்குள் இருப்பது தெரியாது.

ஜூன் 21

பிரான்ஸ் நாட்டில் 1982-இல் ஒரு திருவிழா தொடங்கினார்கள். ஆண்டுதோறும் ஜூன் 21 இசை நாள். பாடத் தெரிந்தவர்கள் தெருவில் வந்து பாடலாம். கட்டணம் கிடையாது. அந்த வழக்கம் புதுச்சேரிக்கும் வந்தது. இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் இசை நாளைக் கொண்டாடுகிறது. கர்நாடகமும் வரும், ராக்கும் வரும்.

பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாம். எதிரே நின்று வாசிப்பதைப் பார்த்தால்தான், பாட்டுக்குப் பின்னால் வியர்வை இருக்கிறது என்பது புரியும்.

பிள்ளைகள் ஆல்பத்துக்காகச் சண்டை போட்டால் அதட்ட வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். முழுவதும் கேட்டாயா? பத்து நாள் விட்டு மறுபடி கேட்டாயா? பழைய மாதிரி இல்லை என்பதைத் தவிர வேறு குறை உண்டா?

மூன்றுக்கும் பதில் சொல்கிறவன் வெறும் ரசிகன் அல்ல. அவன் நியாயம் பார்க்கத் தெரிந்தவன். நாளைக்கு மனிதர்களைப் பற்றியும் அவசரத் தீர்ப்பு சொல்ல மாட்டான்.

குருசுக்குப்பத்து வீட்டில் குழம்பு தயார். அம்மா கூப்பிடுகிறாள். தம்பி செல்போனை அண்ணனிடம் நீட்டுகிறான்.

"மூணாவதை இன்னும் ஒரு தடவை கேளுண்ணே. முழுசா!"

அண்ணன் யோசிக்கிறான்.

"சரி, போடு. ஆனா பாதியில் பேசக் கூடாது!"

அப்பாவும் வந்து பக்கத்தில் உட்காருகிறார்.