ரூபாவின் வீழ்ச்சி யார் தலையில்?

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவின் மாற்று விகிதத்தைக் காப்பதைக் கைவிட்டது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. இதனை இயற்கையின் சீற்றம்போற் பேசுவோர் உளர். நாம் அதனை மறுக்கிறோம். பாராளுமன்றம் விதிக்காமலே உழைப்பாளியிடம் அறவிடப்பட்ட வரி இது.

கணக்கைப் பாருங்கள். 2021இல் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1000 ரூபாவென விதிக்கப்பட்டது. அன்று அதன் பெறுமதி ஏறத்தாழ 5 டொலர். 2022 மே மாதத்தில் 3 டொலருந் தேறவில்லை. அவர் பறித்த கொழுந்தோ பிறநாட்டிலே டொலருக்கே விலைபோயிற்று. யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளரும் இறக்குமதி உரத்தை டொலரின் விலையில் வாங்கி, விளைச்சலை ரூபாவுக்கு விற்றார்.

உத்தியோகத்தரின் சேமிப்புந் தப்பவில்லை. 2022 செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. எந்த வைப்பின் வட்டி அதனை ஈடுசெய்யும்? போதாக்குறைக்கு, 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியோ உட்படுத்தப்பட்டது.

நாம் தயவு வேண்டி நிற்கவில்லை. சம்பளம் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடு சட்டத்தாற் பிணைக்கப்படல் வேண்டும். ஓய்வுக்கால நிதியில் அதன் உரிமையாளரின் சம்மதமின்றி எவருங் கைவைத்தல் ஆகாது. இவ்விரண்டையும் உரிமையாகவே கேட்கிறோம்.