மூடிய கணக்கும் நம் கணக்கே

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், முன்னர் நம்மிடம் உயர்தர வகுப்பிற் கணக்கீடு பயின்ற மாணவர் ஒருவர் மடிக்கணினியும் கையுமாக நம் இல்லம் வந்து சேர்ந்தார். இப்பொழுது நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். வைத்த தேநீரைத் தொடவில்லை. "சேர், புத்தகத்தில் இருக்கிற காசு வங்கியில் இல்லை" என்றார். எவ்வளவு குறைகின்றது என வினவினோம். சரியாக 68,000 ரூபாய் என்றார். களவு போயிற்றோ என்று வீட்டில் ஒரே கலக்கமாம். வங்கி முகாமையாளரைக் காணப் புறப்பட்ட தாயாரிடம் ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு நம்மிடம் வந்திருக்கிறார்.

புத்தகம் என்று அவர் சொன்னது கணினிக்குள் இருக்கும் புத்தகத்தை. குனூகாஷ் எனும் இலவச மென்பொருளிலே தம் வங்கிக் கணக்கையும் பங்குக் கணக்குகள் நான்கையும் அவர் எழுதி வருகிறார். இரட்டைப் பதிவு முறையை விடாது கைக்கொள்ளும் மென்பொருளாதலின் நமக்கும் அதன்மீது சற்றுப் பிரியம் உண்டு. பங்குக் கணக்கு நான்கா என்று வாசகர் மலைத்தல் வேண்டா. நம் நாட்டிலே பங்குகள் மத்திய வைப்பகத்தில் இருப்பினும், அங்கே கணக்குத் திறப்பது பெரும்பாலும் தரகர் வழியாகவே. ஒருவர் பல தரகரிடங் கணக்கு வைத்திருத்தலுங் கூடும். 2020 இல் கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறக்கும் வசதி வந்தபின் இளைஞர் பலர் இவ்வாறு இரண்டு மூன்று கணக்குகளுக்கு உரியவராயினர்.

நம் மாணவரும் அவர்களுள் ஒருவரே. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டி நின்ற காலத்தில், முதலாவது தரகர் மூலம் 180,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். பின்னர் வந்த நெருக்கடியை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் சந்தை ஐந்து நாள் மூடப்பட்டதும் வாசகர் அறிந்ததே. பொறுக்கமாட்டாது 112,000 ரூபாய்க்கு அனைத்தையும் விற்று, அந்தக் கணக்கையும் மூடிவிட்டார். அதன்பின் வேறொரு தரகரிடந் தொடங்கியது நன்றாக நடந்து வருகின்றது. மூன்றாவது கணக்கு, திறந்ததோடு சரி. ஒரு பங்குதானும் அதில் இல்லை. நான்காவதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

"அண்மையில் இந்தப் புத்தகத்தில் ஏதேனும் மாற்றினீரோ?" என்று கேட்டோம். சிறிது யோசித்து, இருபத்திரண்டு நாள்களுக்கு முன் 'துப்புரவு' செய்ததாகச் சொன்னார். மூடிய கணக்கு ஒன்று பட்டியலிற் கிடப்பது கண்ணை உறுத்தியதாம்; அழித்துவிட்டார். அழிக்கும்போது மென்பொருள் சும்மா இருக்கவில்லை. இதிலுள்ள பதிவுகளை வேறு கணக்குக்கு மாற்றவோ, அவற்றையும் அழிக்கவோ என்று கேட்டிருக்கிறது. அழி என்றார் இவர்.

கணக்கீடு பயிலும் மாணவர்களுக்கு இதற்குள் விடயம் விளங்கியிருக்கும். இரட்டைப் பதிவில் ஒரு கொடுக்கல் வாங்கலை அழித்தால் அதன் இரு பக்கமும் அழியும். பங்கு வாங்குவதற்காக வங்கியிலிருந்து போன 180,000 ரூபாயும், விற்று வந்த 112,000 ரூபாயும் வங்கிப் பேரேட்டிலிருந்து ஒருங்கே மறைந்தன. ஆகவே புத்தகத்திலே வங்கி மீதி 68,000 ரூபாயால் உயர்ந்து நின்றது. அவர் பட்ட நட்டம், அதே தொகையளவில், வங்கியில் இருக்கும் காசாக வேடம் பூண்டுவிட்டது. வங்கி இணக்கக் கூற்றை இரண்டு தவணை படிப்பித்தோமே தம்பி, அதை ஒருமுறை செய்து பார்த்திருக்கலாகாதா என்று மட்டும் கேட்டோம்.

பாடசாலையிலே மாணவர் விலகும்போது விடுகைப் பத்திரங் கொடுக்கிறோம். வரவு இடாப்பில் அடுத்த மாதம் அவர் பெயர் இராது. ஆயின் சேர்விடாப்பிலிருந்து அப்பெயரை எவரும் சுரண்டி எடுப்பதில்லை. விலகிய திகதியை எழுதிவிட்டு அப்படியே விடுகின்றோம். நாற்பது ஆண்டு கழித்துப் பிறந்த திகதிக்கு அத்தாட்சி தேடி ஒருவர் வருவார். அந்த வரி அவருக்கு வேண்டும்.

அறிஞருலகிலும் இந்த வழு நேர்ந்ததுண்டு. எல்டன், குரூபர், பிளேக் எனும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மூவர் 1996 இல் வெளியிட்ட ஆய்வு இத்தகையதொன்றைப் பற்றியது. நலிந்து வேறொன்றுடன் இணைக்கப்பட்ட பரஸ்பர நிதியங்களைப் பட்டியலினின்றும் நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் சராசரியைப் பார்த்தால், வருவாய் உள்ளதினும் மேலாகத் தோன்றும் என்பதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். நம் மாணவரின் புத்தகமும் 'துப்புரவின்' பின் அவரை ஒருநாளும் நட்டமடையாத கெட்டிக்காரராகவே காட்டியது!

இனி, கணக்குகளை நிலைமைப்படி வகுக்கும் வழியைக் கூறுவோம். இந்த மென்பொருளிலே பதிவு எழுதவொண்ணாத வெறுந் தலைப்புக் கணக்குகளை அமைக்கலாம். 'நடப்பன', 'வெறுமையாய்த் திறந்திருப்பன', 'மூடியன' என மூன்று தலைப்புக்களை இட்டு, ஒவ்வொரு பங்குக் கணக்கையும் உரிய தலைப்பின்கீழ்ச் சேர்த்தோம். நிலைமை மாறும்போது தலைப்பை மாற்றினாற் போதும்; பதிவுகள் கூடவே செல்லும். மூடியவை கண்ணை உறுத்துமாயின் மறைத்து வைக்கவும் ஏற்பாடுண்டு. மறைத்த கணக்கு பட்டியலிற் தோன்றாது. பதிவுகள் இருந்தபடியே இருக்கும். வேண்டும்போது மீண்டும் வெளிப்படுத்தலாம். போர்ட்ஃபோலியோ பெர்ஃபோமன்ஸ் எனும் மற்றோர் இலவச மென்பொருளிலுங் கணக்கைச் செயலற்றதெனக் குறித்து ஒதுக்கிவைக்கலாம்.

ஆறு மாதமாக வாங்கல் விற்றல் இல்லாத கணக்கை எதிற் சேர்ப்பது என்று கேட்டார். பங்கு இருக்குமாயின் அது நடப்பதே என்பது நம் கருத்து. பங்கிலாபம் வரும், உரிமை வழங்கல் வரும், விலாசம் மாறினால் அறிவித்தல் வேண்டும். நாம் உறங்கினோம் என்பதற்காகக் கணக்கு உறங்கியதாகாது.

நான்காவது கணக்கு காலஞ்சென்ற தந்தையாருடையது. அதனையும் தம் சொத்தோடு கூட்டி வந்திருக்கிறார். அவரது முதலீட்டின் மொத்தத்தில் அரைவாசிக்கு மேல் அதுவே. வஞ்சகம் எதுவுமில்லை, தந்தையார் இருந்தபோதே கணக்குப் பார்த்தவர் இவர்தாம். எனினும் தாயாருக்கும் தங்கைக்கும் அதில் உரியது யாது என்பது சட்டப்படி தீரும்வரை அது இவருடையதன்று. மேற்கூறிய மூன்று தலைப்புக்களுள் எதற்குள்ளும் அதனை வைக்க நாம் சம்மதிக்கவில்லை. தனிப் புத்தகமாக எழுதுவித்து, தந்தையார் பெயரையே தலைப்பாக இடச் செய்தோம். மொத்தம் பாதிக்குக் கீழே இறங்கியதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழிந்த கணக்கை மீட்டது எளிதாயிற்று. சேமிக்குந்தோறும் முந்திய நிலையை நாளும் நேரமும் இட்ட தனிக் கோப்பாக மென்பொருள் வைத்துவிடுகிறது; நாம் மாற்றாதவிடத்து முப்பது நாள்வரை அவை இருக்கும். இன்னும் எட்டு நாள் கழித்து வந்திருந்தால் எல்லாவற்றையும் பழைய கூற்றுக்களைப் பார்த்தே எழுத நேர்ந்திருக்கும். இடையில் எழுதிய ஒன்பது பதிவுகளை மட்டும் மறுபடி எழுதினார். வங்கி மீதி சதம் பிசகாது பொருந்தியது. நட்டம் 68,000 ரூபாயும் பழைய இடத்தில் வந்து நின்றது.

ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுத் தாயாருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். "அம்மா, காசு களவு போகவில்லை." மறுமுனையில் அம்மையார் உரத்துப் பேசுபவராதலின் நமக்குங் கேட்டது.

"அப்ப அந்தக் காசு எங்கே, தம்பி?"

2022 இல் நடந்ததை அவர் வீட்டிற் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. தொலைபேசியோடு எழுந்து, படியிறங்கி, முற்றத்து மாமரத்தடிக்குப் போனார். நெடுநேரம் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்.